பொய்வீட்டுக் குசினி

மாங்கேணி
18.02.2008

அன்பு அத்தானுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் கதைத்தது மறுபடியும் சண்டையில்தான் முடிந்தது. நீங்கள் "கொழும்புக்கு வா" என்றீர்கள், நான் "ஊருக்கு வாங்க" என்றேன், பிறகு புருசனும் பெண்சாதியுமாய் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு நின்றோம். இங்கே சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே மட்டும்தான். அதனால் தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் அத்தனை பேரும் அந்தச் சண்டையைக் கேட்டார்கள். இனி முக்கியமானதைக் கடிதத்தில் எழுதுவேன். நீங்கள் பாதியில் மடித்து வைத்தாலும் மற்றப் பாதி அங்கேயே இருக்கும்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நான்கு கம்பியூட்டர் வந்திருக்கிறது. கரண்ட் இன்னும் இல்லை. ஜெனரேற்றரில் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் ஓடும். கணக்கு டீச்சர் என்பதால் பொறுப்பு என்னிடம். தட்டச்சுப் பழக்கச் சொன்னார்கள். இரண்டு கிழமை பழக்கினேன். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் தங்கள் பெயரை எண்பது தரம் அடித்துவிட்டு, "இனி என்ன டீச்சர்?" என்று என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

இவர்கள் சுனாமியில் கடல் வந்தபோது ஒருமுறை, இரண்டு வருடம் கழித்துச் சண்டைக்குப் பயந்து இன்னொரு முறை என்று எல்லாவற்றையும் விட்டு ஓடின பிள்ளைகள். போன வருடம்தான் திரும்பி வந்து தகரக் கொட்டில்களில் இருக்கிறார்கள். யாரோ தந்ததை வாங்கி வாங்கியே பழகிவிட்டார்கள். இவர்கள் ஒன்றைத் தாங்களே யோசித்துச் செய்யவேண்டும், அது பிழைத்தால் திருத்தி மறுபடி செய்யவேண்டும் என்று எனக்கு ஆசை.

வீட்டுப் படத்தைக் கம்பியூட்டரில் எழுப்பி அதற்குள்ளே நடந்துபோகலாம் என்று ஒருமுறை காட்டினீர்களே, அதைப் பிள்ளைகளுக்குப் பழக்க முடியுமா? எனக்கு முதலில் பழக்குங்கள். பிழை விட்டால் ஏசக்கூடாது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
மக்டலின்


வெள்ளவத்தை
02.03.2008

அன்புள்ள மக்டலின்,

இத்துடன் ஒரு சீடி. எப்படிப் போடுவது என்று தனித்தாளில் இலக்கமிட்டு எழுதியிருக்கிறேன். ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போகாதே. நீ தாண்டுவாய் என்று தெரியும்.

முதல் நாளே வீடு கட்ட விடாதே. தாங்கள் இருக்கும் கொட்டிலை அளந்து வரச் சொல். அளந்ததைக் கையால் படமாகக் கீறி, பிறகு கம்பியூட்டரில் எழுப்பி, உள்ளே நடந்து பார்த்து, எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்து, திரும்பவும் கீறவேண்டும். என் வேலையும் இவ்வளவுதான். எட்டு மணிக்குக் கீறுவதை நான்கு மணிக்கு அழிக்கிறேன்.

படம் உண்மையாகத் தெரிய ஒரு வழி இருக்கிறது. எங்கள் இரண்டு கண்ணுக்கும் இடையில் கிட்டத்தட்ட இரண்டரை அங்குலம். ஒரே இடத்தை இடது கண் பார்ப்பதுபோல் ஒரு படம், இரண்டரை அங்குலம் தள்ளி வலது கண்ணுக்கு இன்னொரு படம். ஒன்றைச் சிவப்பாக்கி, மற்றதை நீலமாக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக வை. ஒரு கண்ணுக்குச் சிவப்பும் மற்றதற்கு நீலமும் ஒட்டின மட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் சுவர் சுவராகவே எதிரில் நிற்கும். அந்தப் பழைய கம்பியூட்டர்கள் ஓடும் படத்தைத் தாங்காது. நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு படம் எடுத்து, ஒவ்வொன்றாகத் தட்டி மாற்றுங்கள்.

பழக ஒரு வீட்டுப் படமும் வைத்திருக்கிறேன். மாங்கேணியில் கடற்கரைப் பக்கம் எங்கள் நிறுவனம் கட்டப்போகும் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் இதுதான் படம். கீறியது நான். எனக்கு மேலே இருக்கும் இராசதுரை ஐயா ஒரு கோடும் மாற்றாமல் கையெழுத்து வைத்தார். பிள்ளைகளிடம் சொல்.

சாப்பிடுகிறேன். நீ செய்யும் நண்டுக் கறியைப் பற்றி யோசிக்காமல் இருந்தால் இறங்குகிறது.

ஜெயராஜா


மாங்கேணி
14.05.2008

அன்பு அத்தானுக்கு,

தாண்டினேன். நான்காம் இலக்கத்தைத் தாண்டியதில் ஒரு கம்பியூட்டர் இரண்டு நாள் செத்துக் கிடந்தது. ஏசாதீர்கள், உயிர் வந்துவிட்டது.

உங்கள் தனித்தாளில் இதற்கு மெய்நிகர் என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர் பொய்வீடு. "டீச்சர், இண்டைக்குப் பொய்வீட்டுக்குப் போறமா?" என்று வாசலிலேயே கேட்கிறார்கள். சிவதர்ஷன் என்ற பையன் எழுப்பிய முதல் வீட்டுக்குக் கதவே இல்லை. ஏன் என்றேன். "எங்கட கொட்டிலுக்கும் கதவில்லையே டீச்சர்" என்றான். சாக்குத்தான் தொங்குகிறதாம். பார்த்ததை அப்படியே அளந்திருக்கிறான், என்ன சொல்வது? முழுப் புள்ளி போட்டேன்.

கண்ணாடிக்குத்தான் பெரிய பாடு. ஓட்டமாவடியில் பதியுதீன் நானாவின் கடையில் வண்ணக் கண்ணாடித்தாள் வாங்கினேன். சிவப்பு சரி, நீலம் வெளிறிப்போய் ஒவ்வொரு தூணுக்கும் பேய்போல் இன்னொரு தூண் நின்றது. நீலத்தை இரண்டாக மடித்துப் பார்த்தார்கள், பிறகு மூன்றாக மடித்தார்கள், மூன்றில் பேய் போனது. படத்தை ஆறு அங்குலம் தள்ளி எடுத்ததில் ஐந்து பேருக்குத் தலையிடி. பிறகு அடிமட்டத்தோடு ஊரெல்லாம் போய் ஆட்களின் கண்களுக்கு இடையில் அளந்தார்கள். நீங்கள் சொன்ன இரண்டரை சரிதான். சுற்றிலும் வெளிச்சம் வராமல் இருக்கக் கறுப்புத் துணியால் ஒரு சின்னக் கூடாரமும் தைத்துக் கம்பியூட்டருக்கு மேல் போட்டிருக்கிறார்கள். உள்ளே ஒரு ஆள் இருக்கலாம்.

இனிச் சொல்வதைப் பொறுமையாக வாசியுங்கள்.

புஸ்பம் அக்காவின் மகள் கம்சாயினியை உங்களுக்குத் தெரியும், முன்பு எங்கள் வளவுக்குப் பக்கத்து வீடு. பதினைந்து வயதாகிறது. உங்கள் வீட்டுக்குள் நடந்துவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், இதுக்குள்ள நடக்கிற கண் எத்தின அடி உயரத்தில இரிக்கி?" பார்த்தேன், ஐந்தரை அடி. "அது ஆம்பிளைட கண் டீச்சர். எங்கட அம்மா குசினிக்குள்ள நிண்டு சமைக்கமாட்டா, குந்தித்தான் இருப்பா." தாயைப் பலகையில் இருக்கவைத்து அளந்து வந்தாள். இரண்டே முக்கால் அடி. கண்ணை அந்த உயரத்துக்கு இறக்கி உங்கள் குசினியை மறுபடி எடுத்தாள்.

நானும் கூடாரத்துக்குள் போய்ப் பார்த்தேன். அடுப்படியில் குந்தியிருந்தால் நான்கு பக்கமும் சுவர்தான். ஒரே ஒரு யன்னல் ரோட்டுப் பக்கம், அதுவும் தலைக்கு மேலே. வாசலில் பிள்ளை நின்றாலும் தெரியாது. கடல் பக்கத்துச் சுவரில் ஒரு ஓட்டையும் இல்லை. ஏன் அத்தான்? காற்று வருகிற பக்கம் அதுதானே.

இந்த வீடுகளில் இருக்கப்போகும் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டப்போகிறோம். அவர்கள் சொல்வதைக் கேட்டுப் பிள்ளைகள் திருத்தவேண்டும். நீங்கள்தானே சொன்னீர்கள், எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லி.

உங்கள்
மக்டலின்


வெள்ளவத்தை
29.05.2008

மக்டலின்,

பழகுவதற்கு அனுப்பிய படத்தை ஊர்ச்சனத்துக்குக் காட்டாதே. அது கையெழுத்தான படம். உதவி தருகிறவர்களும் பார்த்துச் சம்மதித்தாயிற்று. பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று பலகையில் குந்திப் பார்த்தது என்பதற்காக நாற்பத்திரண்டு வீட்டை மாற்ற முடியாது.

கடல் பக்கத்துச் சுவர் தவறிப்போய் வந்ததல்ல. யோசித்துத்தான் மூடினேன். அதற்கு மேல் கேட்காதே.

ஜெயராஜா


மாங்கேணி
20.06.2008

அன்பு அத்தானுக்கு,

காட்டிவிட்டேன். உங்கள் கடிதம் வருவதற்கு முதல் நாளே காட்டியாயிற்று. முதலே வந்திருந்தாலும் காட்டியிருப்பேன், பொய் சொல்ல விருப்பமில்லை.

முப்பது பெண்களுக்கு மேல் வந்தார்கள். கூடாரத்துக்குள் ஒவ்வொருவராக விட்டோம். சிவதர்ஷன் "நடங்க... நடங்க... இனிக் குந்துங்க" என்று சொல்லிச் சொல்லிப் படத்தைத் தட்டினான். ஒரு கிழவி சுவரில் இடிக்கப்போகிறோம் என்று கையை நீட்டிக் கம்பியூட்டரைத் தள்ளிவிடப் பார்த்தா. அறையும் விறாந்தையும் எல்லாருக்கும் பிடித்தது. "ஜெயராஜா தம்பி கீறினதா? நல்ல வடிவு" என்றார்கள். அதை முதலில் எழுதியிருக்கவேண்டும்.

குசினிக்கு வந்ததும் எல்லாரும் யன்னலைத் தேடித் தலையைத் திருப்பினார்கள். புஸ்பம் அக்கா கனநேரம் வெளியே வரவில்லை. துணியை விலக்கிப் பார்த்தேன். கண்ணாடியோடு அப்படியே குந்தியிருந்தா.

"என்ன அக்கா, தலையிடிக்குதா?"

"இல்ல டீச்சர். இதுக்குள்ள இருந்தா எனக்குச் சோறு அவியாது. கடலக் காணல்லியே."

"கடலப் பாத்தாப் பயமில்லையா?"

"பயம்தான். பயமெண்டுதான் பாக்கணும். முதுகக் காட்டிக்கொண்டு எப்பிடிக்கா சமைக்கிற? அது என்ன செய்யுதெண்டு தெரியாம நான் உலை வைக்கமாட்டன்."

மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். றஸீனா என்று புதிதாக வந்த கிராமசேவகரும் நின்று எழுதிக்கொண்டு போனா.

அத்தான், நீங்கள் "கேட்காதே" என்று எழுதியதும் எனக்கு விளங்கிவிட்டது. மூன்றரை வருடமாக மாமியின் கதையை எடுத்தால் போனை வைத்துவிடுகிறீர்கள். இப்போது வைக்க முடியாது.

நத்தாருக்கு அடுத்த நாள், கடல் வந்த அன்று, நாங்கள் இரண்டு பேரும் வாழைச்சேனைக்குப் பூசைக்குப் போனோம். மாமி முழங்கால் வருத்தத்தால் நின்றுவிட்டா. அடக்கத்தன்று யாரோ உங்களிடம் சொன்னார்கள், "அம்மா குசினி யன்னலடியில நிண்டு கடலப் பாத்துக்கொண்டு நிண்டவ" என்று. அதைக் கேட்டபோது உங்கள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். வேடிக்கை பார்த்ததால்தான் அம்மா செத்தா, யன்னல் இல்லாவிட்டால் தப்பியிருப்பா என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் சொல்வது சரியோ?

புஸ்பம் அக்கா அகதி முகாமில் வைத்து என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன். இரண்டு தரம் போனில் சொல்லத் தொடங்கினேன், நீங்கள் விடவில்லை.

"மாமி பாத்துக்கொண்டு நிக்கல்ல டீச்சர். கத்திக்கொண்டு நிண்டவ. 'புஸ்பம், கடல் வத்தி உள்ளுக்க போகுது, புள்ளயக் கூட்டிக்கொண்டு ஓடு' எண்டு முதல் கத்தினது அவதான். நான் கம்சாயினிய இழுத்துக்கொண்டு ஓடக்குள்ளயும் திரும்பிப் பாத்தன். அடுத்த வீட்டாக்களையும் பேர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நிண்டா. அந்தக் காலோட தன்னால ஓட ஏலாதெண்டு அவக்குத் தெரியும்."

நான்கு வீட்டுச் சனம் உயிரோடு இருக்கிறது. குசினியின் கண்ணை இறக்கிப் பார்த்த பிள்ளை அதில் ஒன்று.

இதை எழுதிவிட்டு நான் அழுதேன். நீங்களும் அழுங்கள். பிறகு சாப்பிடுங்கள்.

உங்கள்
மக்டலின்


மாங்கேணி
10.09.2008

அன்பு அத்தானுக்கு,

எண்பது நாளாகிறது. போனில் "சுகம்", "மழை", "பிறகு எடுக்கிறேன்" என்று மூன்று விஷயம்தான் கதைக்கிறீர்கள். சுகமாக இருக்கிறீர்கள் என்பதே எனக்குப் போதும், ஆனாலும் எழுதுகிறேன்.

பிள்ளைகள் குசினியைத் திருத்திவிட்டார்கள். கடல் பக்கத்துச் சுவரில் தரையிலிருந்து ஒன்றரை அடியில் தொடங்கும் அகல யன்னல். முதலில் கீறியதற்குள் மழை அடிக்கும் என்று பெண்கள் சொன்னார்கள். இரண்டாவதில் பலகைக் கதவு உள்ளே திறந்து சட்டியைத் தட்டியது. இது ஐந்தாவது. கதவு மேலே தூக்கி நிறுத்துகிற மாதிரி, நிறுத்தினால் அதுவே மழைக்குத் தாழ்வாரம். காட்போட்டில் செய்து தண்ணீர் ஊற்றியும் பார்த்தார்கள். பெரிய எழுத்தில் "வீடு கீறுகிற சேருக்கு" என்று எழுதி சீடியையும் ஒரு கண்ணாடியையும் என்னிடம் தந்தார்கள், இத்துடன் அனுப்புகிறேன். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் பிள்ளைகளுக்காவது இரண்டு வரி எழுதுங்கள். தபால்காரர் வரும்போதெல்லாம் கம்சாயினி வகுப்பு யன்னலால் எட்டிப் பார்க்கிறாள்.

மக்டலின்


வெள்ளவத்தை
05.10.2008

அன்புள்ள மக்டலின்,

நீ எழுதியது சரி. வேண்டுமென்றேதான் அந்தச் சுவரை மூடினேன். இன்னொரு பெண் அடுப்பை விட்டெழும்பி அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது என்று. நாற்பத்திரண்டு வீட்டிலும் அம்மாவைப் பூட்டி வைத்துக் காப்பாற்றப் பார்த்தேன் போல.

உன் ஜூன் மாதக் கடிதத்தை முதல் தடவை பாதி வரைக்கும்தான் வாசித்தேன். நீ சொன்னபடி மற்றப் பாதி அங்கேயே இருந்தது. ஓகஸ்டில் வாசித்தேன். "கத்திக்கொண்டு நிண்டவ" என்ற இடத்தில் எனக்கு அம்மாவின் குரல் கேட்டது. என்னையும் அப்படித்தான் வளவுக்கு அப்பாலிருந்து கூப்பிடுவா, ஊருக்கே கேட்கும். மூன்றரை வருடமாக அந்தக் குரலை நான் மறந்து, பேசாமல் நிற்கும் ஒரு அம்மாவை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிள்ளைகளின் சீடியை அலுவலகத்தில் போட்டேன். கண்ணாடியையும் போட்டுக்கொண்டு, உயரம் சரியாக வரட்டும் என்று கதிரையை விட்டிறங்கித் தரையில் குந்தினேன். அந்த நேரம் பார்த்து இராசதுரை ஐயா உள்ளே வந்தார்.

"என்ன ஜெயராஜா, விழுந்திற்றீரா?"

"இல்ல சேர். சமைக்கிறன்."

விளக்கினேன். பழைய குசினியையும் புதியதையும் காட்டினேன். அவரும் கால்சட்டையை இழுத்துவிட்டுக் குந்தினார். கண்ணாடியை வாங்கி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "முப்பது வருசமா வீடு கீறுறன். ஒரு நாளும் ஒரு குசினிக்குள்ள இருந்து பாக்கல்ல" என்றார். அவர் நல்ல மனிதர், ஆனால் சட்டம் பார்க்கிறவர். குசினியையும் பெரிதாக்கலாமா என்று நான் கேட்டதற்கு முடியாது என்று சொல்லிவிட்டார். அத்திவாரத்தின் அளவுக்குக் கையெழுத்தாகிவிட்டதாம். யன்னலுக்குச் சம்மதித்து, உதவி தருகிறவர்களுக்கும் தானே எழுதினார். கிராமசேவகரின் அறிக்கையும் அதே கிழமை வந்து சேர்ந்தது உதவியாயிற்று. நாற்பத்திரண்டிலும் வரும்.

கம்சாயினிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். தூக்குக் கதவின் கொக்கி பிழையான பக்கம், கடற்காற்றில் கழன்றுவிடும். அதைத் திருத்தச் சொல்லியிருக்கிறேன். ஆறாவது தரம் கீறட்டும்.

ஊருக்கு வருவது பற்றி இப்போது கேட்காதே. இந்த முறை கோபத்தில் சொல்லவில்லை.

உன்
ஜெயராஜா


மாங்கேணி
02.02.2009

அன்பு அத்தானுக்கு,

கொழும்புக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்களா?

அத்திவாரம் வெட்டுவதைப் பார்க்க அலுவலகம் உங்களை அனுப்பியபோது எனக்கு நித்திரை இல்லை. வாழைச்சேனையில் சந்தித்து, சாப்பிட்டு, மாங்கேணி பஸ்ஸிலும் ஒன்றாக ஏறினோம். பாலத்துக்கு இங்கால் வாடைக்காற்றில் கடல் மணம் வந்ததும் நீங்கள் பஸ் யன்னலை இழுத்து மூடினீர்கள். நீங்கள் மணியை அடித்து இறங்கியபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. கோபம் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. பாலம் வரைக்கும் வந்தீர்கள். நான்கு வருடத்தில் அதுதான் மிகக் கிட்ட.

புஸ்பம் அக்கா உங்களுக்கென்று மீன் பொரித்து வைத்திருந்தா. நானே இரண்டு பேரின் பங்கையும் சாப்பிட்டேன். அவவின் தம்பி வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருக்கிறார். ஒரு மாதமாகச் சேதி இல்லை. அப்படியிருந்தும் பொரித்தா.

உங்கள்
மக்டலின்


வெள்ளவத்தை
24.05.2009

அன்புள்ள மக்டலின்,

யுத்தம் முடிந்துவிட்டது என்று இங்கே ஒரு கிழமையாக வெடி கொளுத்துகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கொண்டாட்டத்துக்குப் பாற்சோறு கொண்டுவந்து கதவைத் தட்டினார்கள். வாங்கினேன், நன்றி சொன்னேன், கதவைப் பூட்டினேன். யாரிடம் என்ன முகத்தைக் காட்டுவது என்று தெரியவில்லை. புஸ்பம் அக்காவின் தம்பியைப் பற்றி ஏதும் தெரிந்ததா? வன்னியிலிருந்து வந்த சனத்தை வைத்திருக்கும் செட்டிகுள முகாம்களில் பெயர் விசாரிக்க அலுவலகத்தில் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன்.

பூட்டின அறைக்குள் இருந்து யோசித்தேன். நான்கு வருடத்துக்கு மேல் நீ அங்கே, நான் இங்கே. நீ பிடிவாதக்காரி என்று எல்லாரிடமும் சொல்லி வந்தேன். பயந்தவன் நான், அங்கேயே நின்றவள் நீ. இவ்வளவையும் நேரில் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன்.

வீடுகள் ஓடு போடும் கட்டத்துக்கு வந்துவிட்டதாம். அடுத்த மாதம் பதினான்காம் திகதி வருகிறேன். பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொள். மணி உன் பக்கம் இருக்கட்டும்.

உன்
ஜெயராஜா


மாங்கேணி
30.07.2009

அன்பு அத்தானுக்கு,

அலுவலகத்தில் எல்லாவற்றையும் ஒப்படைத்தாயிற்றா? இங்குள்ள உப அலுவலகத்துக்கு மாற்றம் தருவதாக இராசதுரை ஐயா சொன்ன சொல்லைக் கடிதமாகவும் வாங்கிக்கொண்டு வாங்க.

போன மாதம் நீங்கள் வந்த அன்று புஸ்பம் அக்காவின் புதுக் குசினிக்குள் போய் யன்னலடியில் குந்தினதையும், கனநேரம் எழும்பாததையும் நான் வெளியில் நின்று பார்த்தேன். உள்ளே வரவில்லை. என்ன நினைத்தீர்கள் என்று இனியும் கேட்கமாட்டேன். வெளியே வந்து "பசிக்குது" என்றீர்கள். அது எனக்குப் போதும்.

அவவின் தம்பியின் பெயர் ஒரு பட்டியலிலும் இல்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் பட்டினம் போய்க் கேட்டு வருகிறா. அடுத்த கிழமை நானும் கூடப் போகிறேன்.

இனி ஒரு செய்தி. கேட்டுவிட்டுச் சிரிக்கவேண்டும். வீட்டுக்குக் குடிவந்து பதினைந்து நாளில் புஸ்பம் அக்கா பின் வளவில் கிடுகு வேய்ந்து ஒரு சாய்ப்புக் கொட்டில் இறக்கி அதற்குள் அடுப்பை மூட்டிவிட்டா. உங்கள் குசினிக்குள் அரிசிச் சாக்கும் தையல் மெசினும்.

"ஏன் அக்கா, அந்த யன்னலுக்கு எவ்வளவு சண்டை பிடிச்சம்!"

"யன்னல் நல்ல யன்னல் டீச்சர். மத்தியானத்தில அதடியில பாய் போட்டுப் படுத்தா காத்து அள்ளிக்கொண்டு போகுது. ஆனா விறகு வைக்க இடம் காணாது. நான் அண்டைக்கே சொன்னநான், நீங்க யன்னலையே எழுதிக்கொண்டு இருந்தீங்க."

சொல்லியிருக்கிறா. பெண்கள் அன்று சொன்னதை எழுதின பழைய கொப்பியைக் கம்சாயினி புரட்டிக் காட்டினாள். நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. இப்போது நாற்பத்திரண்டு வளவிலும் சாய்ப்பு முளைக்கத் தொடங்கிவிட்டது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. பிள்ளைகள் எல்லாவற்றையும் அளக்கிறார்கள். மழைக்கும் காற்றுக்கும் நிற்கிற சாய்ப்பு ஒன்றைத் தாங்கள் கீறித் தருவதாக ஊருக்குச் சொல்லியும்விட்டார்கள். கப்புத் தூண் எவ்வளவு ஆழம் புதைப்பது, கூரை எவ்வளவு சாயவேண்டும் என்றெல்லாம் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். தெரிந்த ஒருவர் வருகிறார் என்றும் சொன்னேன்.

ஆகவே நீங்கள் வந்து சேர்ந்த முதல் சனிக்கிழமை பத்து மணிக்கு உங்களுக்கு வகுப்பு. நேரத்துக்கு வாங்க. பிந்தி வருகிற ஆளை வாசலில் நிறுத்துவது என்பது சிவதர்ஷன் போட்ட சட்டம், என்னையே இரண்டு தரம் நிறுத்திவிட்டான்.

உங்கள்
மக்டலின்